யாருடைய இடது

கட்டடம் முழுக்க அவளை எலியக்கா என்றுதான் கூப்பிடுகிறது. அவளைவிடப் பத்து வயது மூத்த காவலாளிகூட வாய் கூசாமல் அக்கா என்பார். ஆரம்பத்தில் இரண்டு வருடம் அவள் முறைத்துப் பார்த்தாள். முறைக்க முறைக்கப் பெயர் கெட்டியாக ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. இப்போது யாராவது வேறு மாதிரி கூப்பிட்டால் அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அவளுக்கு வேலை மூன்றாவது மாடியில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில். மூளையை ஆராய்கிறவர்களுக்காக வளர்க்கும் சுண்டெலிகள் அங்கே இரும்பு அடுக்குகளில் கூண்டு கூண்டாக இருக்கின்றன. விளக்கு எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்பதை ஒரு கடிகாரம் கவனித்துக்கொள்கிறது. பாக்கி எல்லாவற்றையும் எலியக்கா கவனித்துக்கொள்கிறாள். வாரத்துக்கு இரண்டு முறை மரத்தூளை மாற்றுவாள். தண்ணீர்ப் புட்டி ஒழுகுகிறதா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பாள். எந்தத் தாய் என்றைக்குக் குட்டி போடும் என்று வயிற்றைப் பார்த்தே சொல்லிவிடுவாள். கோபம் மட்டும் மூக்கின் மேல் இருக்கும். வாசலில் செருப்பை மாற்றாமல் உள்ளே கால் வைத்தவர் பேராசிரியராக இருந்தாலும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டுதான் வெளியே போவார்.

இத்தனை வேலையிலும் அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு செய்வது காதுக் குறி. எல்லா எலியும் ஒரே கறுப்பு, ஒரே அளவு. எது எது என்று யாருக்குத் தெரியும்? அதனால் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கும் நாளில் ஒரு சின்ன இடுக்கியால் காதின் ஓரத்தில் பொட்டளவு வெட்டிவிடுவார்கள். ஒரு கூண்டுக்கு நான்கு எலி. இடது காதில் வெட்டு இருந்தால் அது ஒன்றாம் எண். வலது காதில் என்றால் இரண்டு. இரண்டு காதிலும் இருந்தால் மூன்று. நான்காவதுக்குக் காதைத் தொடாமல் வால் நுனியில் துளி வெட்டுவார்கள். வெட்டிய துணுக்கு, எண் எழுதிய குப்பிக்குள் போகும். கீழ்த்தளத்தில் மரபணுச் சோதனை செய்கிறவர் அந்தத் துணுக்கை வைத்து எந்த எலிக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பட்டியல் போட்டுக் கொடுப்பார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் எலியக்கா கேட்கும் முதல் கேள்வி, "இடதுன்னா யாரோட இடது?" என்பதுதான். நம்முடைய இடது என்று சொன்னவர்களை ஒரு மாதம் இடுக்கிப் பக்கமே அண்ட விடமாட்டாள். எலியின் இடதுதான் இடது. அதில் தடுமாற்றம் வராமலிருக்க அவளுக்கென்று ஒரு முறை உண்டு. எலியைக் கூண்டின் கம்பி மூடிமேல் விடுவாள். அது கம்பியைப் பற்றிக்கொண்டு அவளுக்கு முதுகைக் காட்டி நிற்கும். அவள் இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதன் பிடரித் தோலைப் பிடிக்கும், வலது கை வெட்டும். இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருப்பதால் அதன் இடதும் இவள் இடதும் ஒன்றாகிவிடும். இருபத்திரண்டு வருடத்தில் எண் மாறிப்போனதாக ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்தச் சேதியை அவளே தினம் இரண்டு பேரிடமாவது சொல்லிவிடுவாள் என்பது வேறு விஷயம்.

இந்தப் பெருமைக்குத்தான் இந்த வருடம் ஒருவர் வேட்டு வைத்தார். அது நடந்தது ஓர் ஆராய்ச்சியால்.

ஆராய்ச்சி செய்தவள் இருபத்தெட்டு வயதுப் பெண். டாக்டர் பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை என்பதால் மாடியில் அவளுக்குப் பாதி டாக்டர் என்று பெயர். எலியக்கா மட்டும் மரியாதையாக டாக்டரம்மா என்பாள். மூளையில் ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்குச் சேதி சொல்லும் இடத்தில் ஒரு புரதம் இருக்கிறதாம். அது இல்லாவிட்டால் இன்று கற்றுக்கொண்டது நாளைக்கு நிற்காது என்பது அந்தப் பெண்ணின் கட்சி. அந்தப் புரதத்தை உண்டாக்கவே முடியாத எலிகளையும், அதே வயிற்றில் பிறந்த சாதாரண எலிகளையும் ஒரே கூண்டில் வளர்த்து ஒப்பிட்டுப் பார்த்தாள்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு வட்டத் தொட்டி நிறையத் தண்ணீர். பால்பவுடர் கலந்து வெள்ளையாக்கியிருக்கும். தண்ணீருக்கு ஒரு விரல் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சின்ன மேடை. எலியை விட்டால் அது நீந்தித் திரிந்து, தற்செயலாக மேடையில் கால் பட்டு, அப்பாடா என்று ஏறி நிற்கும். மறுநாள் விட்டால் ஞாபகம் உள்ளது நேரே மேடைக்குப் போகும். ஞாபகம் இல்லாதது தொட்டியையே முதன்முதலாகப் பார்ப்பது போல் சுற்றிச் சுற்றி வரும். முதல் தொகுதி எலிகள் பாதி டாக்டர் சொன்னதை அப்படியே செய்து காட்டின. புரதம் இல்லாதவை மறுநாள் திருதிருவென்று விழித்தன. எலியக்கா அவற்றுக்கு மறதிக்காரர்கள் என்று பெயர் வைத்தாள்.

ஒரு தொகுதியில் நடந்தால் போதாது, இரண்டாவதிலும் நடந்தால்தான் ஊர் நம்பும். நாற்பது எலி, பத்துக் கூண்டு. எது மறதிக்காரர் என்று தெரியாமலே நீச்சல் விட வேண்டும் என்பது விதி. மரபணுப் பட்டியல் உறைக்குள் போட்டு ஒட்டி அலமாரிக்குள் இருந்தது. மூன்று மாதம் பாடுபட்டு, கடைசியில் உறையைப் பிரித்தால் எல்லாம் தாறுமாறு. மறதிக்காரர் என்று பட்டியல் சொன்னவற்றில் பல நேரே மேடைக்குப் போயிருந்தன. சாதாரணம் என்றவற்றில் பல பேந்தப் பேந்த விழித்திருந்தன. கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. பாதி டாக்டர் அன்று மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

சூப்பர்வைசர் மாடி ஏறி வந்தார். அவர் எலிகளைப் பார்க்க வருகிறவர் அல்ல, கோப்புகளைப் பார்த்தே எலிகளை அறிந்தவர். மரத்தூள் மாற்றும் நாளில் ஒரு கூண்டு எலி இன்னொரு கூண்டுக்குப் போயிருக்க வேண்டும், வேறு வழியே இல்லை என்று நின்ற நிலையில் தீர்ப்புச் சொன்னார். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து எலியக்கா கீழே கழுவும் அறைக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார். கழுவும் அறை என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ஓய்வு பெறும்வரை ஆளை ஓரங்கட்டி வைக்கும் இடம் அது. புட்டியும் பிரஷ்ஷும் நீராவியும் இருக்கும், ஓர் எலி இருக்காது.

எலியக்கா போக மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"நான் மாத்தினேன்னு காட்டிட்டு அனுப்புங்க சார். அப்ப போறேன்."

"எப்படிம்மா காட்டுறது? எலியா வந்து சாட்சி சொல்லும்?"

"சொல்லும். பத்து நாள் குடுங்க."

அவள் கையில் ஒரு துருப்பு இருந்தது. மறதிக்காரர்கள் மேடையை மட்டும் மறப்பதில்லை, வீடு கட்டவும் வராது அவர்களுக்கு. சாதாரண எலிக்கு உள்ளங்கை அளவு அழுத்திய பஞ்சுத் துண்டு ஒன்றைக் கொடுத்தால் விடிவதற்குள் அதைப் பிய்த்து, கோதி, கிண்ணம் போல் சுவர் எழுப்பி உள்ளே படுத்துக்கொள்ளும். மறதிக்காரர் ஒரு மூலையைக் கடித்துவிட்டு மறந்துபோவார். இல்லாவிட்டால் பிய்த்ததை நாலாபக்கமும் இறைத்துவிட்டு நடுக்கூண்டில் வெட்டவெளியில் தூங்குவார். முதல் தொகுதியிலேயே இதை எலியக்கா கவனித்திருந்தாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நாற்பது எலியையும் தனித்தனியாக ஓர் இரவு விட்டு, காலையில் பஞ்சை மட்டும் காட்டுங்கள், எலியைக்கூடக் காட்ட வேண்டாம், எது எது என்று நான் சொல்கிறேன் என்றாள். கூண்டு மாறியதா இல்லையா என்பது அப்போது வெளிச்சத்துக்கு வந்துவிடும். சூப்பர்வைசர் சிரித்தார். பாதி டாக்டர் சிரிக்கவில்லை. வீணாய்ப் போன ஒரு வருட உழைப்பு திரும்ப வேண்டும், அதைத் திருப்பித் தரக்கூடியது எதுவாக இருந்தாலும் சரி என்ற நிலையில் இருந்தாள். அவள் கெஞ்சியதால் பத்து நாள் கிடைத்தது.

வீட்டில் எலியக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள பாதி லிஃப்டுகள் அவர் கைபட்டுத்தான் ஓடுகின்றன என்பது அவர் நினைப்பு. நேற்று சாவியை எங்கே வைத்தோம் என்று தனக்கே ஞாபகமில்லை, தன்னை யாரும் தொட்டியில் தூக்கிப் போட்டு ஆராயவில்லையே என்று அன்று சாப்பிடும்போது கிண்டல் செய்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கழுவும் அறையில் சம்பளம் குறையாதே, அப்புறம் என்ன என்று கேட்டார். சம்பளத்தைப் பற்றி இங்கே யார் பேசினார்கள் என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

நாளுக்கு ஒரு கூண்டு என்று கணக்கு, மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு முதல் கூண்டு. எலியக்காவை வெளியே அனுப்பிவிட்டுப் பாதி டாக்டர் நான்கு எலிகளையும் நான்கு தனிக் கூண்டுகளில் விட்டு, கூண்டுகளுக்கு எண்ணுக்குப் பதில் ஆளுக்கோர் எழுத்து ஒட்டினாள். எந்த எழுத்து எந்த எலி என்பது அவள் நோட்டில் மட்டும். காலையில் எலிகளை அப்புறப்படுத்திய பிறகு எலியக்காவை உள்ளே கூப்பிட்டாள். காலிக் கூண்டு, கொஞ்சம் மரத்தூள், பஞ்சு. அவ்வளவுதான் எதிரே இருந்தது.

எலியக்கா குனிந்து பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். சுவரின் உயரத்தை விரலால் அளந்தாள். சில கூண்டுகளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, இது மறதிக்காரர், வெட்கமே இல்லாமல் கிடந்திருக்கிறார் பாருங்கள் என்பாள். சில கூண்டுகள் பாடாய்ப் படுத்தின. ஏழாம் நாள் ஒரு கூண்டில் பஞ்சு பிய்ந்திருந்தது, ஆனால் சுவர் பாதியில் நின்றிருந்தது. இருபது நிமிடம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பாதி டாக்டரின் முகம் விடையைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று எலியக்கா அந்தப் பக்கமே பார்க்காமல் நின்றாள். கடைசியில் மறதிக்காரர் என்று எழுதினாள். அன்று முழுக்க அந்த அரைச்சுவர் அவள் தலைக்குள்ளேயே இருந்தது.

பதினோராம் நாள் காலையில் மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பாதி டாக்டர் ஒரு பக்கம் எலியக்காவின் தாளையும் மறுபக்கம் மரபணுப் பட்டியலையும் வைத்து ஒவ்வொன்றாக வாசித்தாள். இருபத்தேழு ஒத்துப்போயின. பதின்மூன்று ஒத்துப்போகவில்லை. சூப்பர்வைசர் நாற்காலியைப் பின்னால் தள்ளி, அப்படியென்றால் எலி மாறியது உண்மைதானே என்றார். எலியக்கா அசைந்து கொடுக்கவில்லை. ஒத்துப்போகாத பதின்மூன்றின் எண்களை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

வாசிக்க வாசிக்கப் பாதி டாக்டரின் குரல் மாறியது. ஒன்று, இரண்டு. ஒன்று, இரண்டு. ஒன்று, இரண்டு. ஆறு கூண்டுகளில் ஒன்றாம் எலியும் இரண்டாம் எலியும் பட்டியலுக்கு நேர் எதிராக இருந்தன. அது பன்னிரண்டு. மீதி நான்கு கூண்டுகளில் ஒன்றும் இரண்டும் ஒரே இனம், அங்கே மாறியிருந்தாலும் தெரியப் போவதில்லை. மூன்றாம் எண்ணில் ஒன்றுகூடத் தவறவில்லை. நான்காம் எண்ணில் ஒன்றே ஒன்று, ஏழாம் நாள் அரைச்சுவர். அது மறதிக்காரர் இல்லையாம், வெறும் சோம்பேறியாம். எலியக்காவுக்குத் தன் கணவர் ஞாபகம் வந்தது.

மரத்தூள் மாற்றும்போது எலி கூண்டு மாறியிருந்தால் மூன்றும் நான்கும் மட்டும் எப்படி ஒழுங்காக இருக்கும்? சூப்பர்வைசருக்கே அது புரிந்தது. பாதி டாக்டர் எழுந்து வந்து எலியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. அப்படியானால் ஒன்றும் இரண்டும் எங்கே மாறின? காதில் மாறியிருக்கலாம் என்று அந்த மேஜையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. காது வெட்டியது எலியக்கா ஆயிற்றே. மிச்சமிருப்பது கீழ்த்தளம்தான் என்று சூப்பர்வைசர் கண்டுபிடித்தார்.

கீழ்த்தளத்தில் மரபணுச் சோதனை செய்பவருக்குச் சொட்டு என்று பெயர். நாள் முழுக்கக் குப்பிகளில் சொட்டுச் சொட்டாக மருந்து விடுவதால் வந்தது. தடித்த கண்ணாடி, நாற்பது தாண்டிய வயது, பதினான்கு வருடமாக ஒப்பந்த வேலை. வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதம் வந்தால் மனிதர் இன்னும் கொஞ்சம் கூனிக்கொள்வார். குப்பிகளை வரிசையில் வைக்கும்போது ஒன்றையும் இரண்டையும் மாற்றி வைத்திருக்கிறார், இந்த முறை அவர் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்றார் சூப்பர்வைசர். குப்பிகளை எந்தெந்தத் தேதியில் ஒப்படைத்தோம் என்று எலியக்கா ஒரு வாக்குமூலம் எழுதித் தர வேண்டும், நாளை காலை பத்து மணிக்குள். கழுவும் அறைப் பேச்சு அத்தோடு முடிந்தது.

எலியக்கா ஜெயித்துவிட்டாள். மதியம் காவலாளியிடம் ஒரு முறையும் தேநீர் கொண்டுவரும் பெண்ணிடம் ஒரு முறையும் முழுக் கதையையும் சொன்னாள். பிறகு தேதிகளை எடுக்க நாட்குறிப்பைப் பிரித்தாள்.

பத்துக் கூண்டுக் குட்டிகளையும் பிரித்தது ஒரே பத்து நாளுக்குள். அந்தப் பக்கங்களின் நடுவே ஓர் இளஞ்சிவப்புத் தாள் செருகியிருந்தது. விலங்கு கடித்தால் நிரப்ப வேண்டிய படிவம், அவள் கையெழுத்திலேயே. இடது கட்டைவிரல், நகத்துக்குக் கீழே, இரண்டு தையல், பன்னிரண்டு நாள் கட்டு.

அவள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கட்டுப் போட்ட கட்டைவிரலால் பிடரியைப் பிடிக்க முடியாது. விடுப்பு எடு என்று எல்லாரும் சொன்னார்கள். இடுக்கியை வேறொருவர் கையில் கொடுக்க மனம் வராமல் அவள்தான் வேலைக்கு வந்தாள். பிடிப்பதற்குப் பதிலாகக் குழாயை எடுத்தாள். தாங்கியில் பொருத்திய பிளாஸ்டிக் குழாய் அது. எலி ஒரு முனையில் நுழைந்து மறு முனையில் தலையை மட்டும் வெளியே நீட்டும். விரலே தேவையில்லை. தலை நீள்வது அவளைப் பார்த்து.

அலமாரியிலிருந்து குழாயை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒரு கிழட்டு எலியை உள்ளே விட்டாள். அது ஊர்ந்து வந்து மூக்கை நீட்டி மீசையை ஆட்டியது. வெட்டுவதற்கில்லை, சும்மா பார்க்கத்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு இடுக்கியை வலது கையில் பிடித்து, இடது என்று வாய்விட்டுச் சொன்னாள். கை அவளுடைய இடப்பக்கம் போனது. எதிரே முகம் காட்டிக்கொண்டிருந்த எலிக்கு அது வலது காது.

மறுபடி செய்தாள். மறுபடி அங்கேயே போனது. மூன்றாம் முறை நின்று, யோசித்து, திருப்பினாள். யோசித்தால் சரியாக வந்தது. யோசிக்காவிட்டால் இருபத்திரண்டு வருடமாகப் போன இடத்துக்கே கை போனது. அந்தப் பத்து நாளும் அவள் யோசிக்கவே இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். யோசிக்காமல் வெட்டுவதுதானே அவள் பெருமை. ஒன்று என்று எழுதிய குப்பியில் இரண்டாம் எலியின் துணுக்கைப் போட்டு அனுப்பியது அவள்தான். ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவமானத்தில் காது மடல் சுட்டது. யாராவது உள்ளே வந்துவிடுவார்களோ என்று கதவைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கதவைப் பார்த்து அவள் பயந்தது அதுதான் முதல் தடவை.

வீட்டில் அன்று கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுச் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்தார்.

"வாயத் தொறக்காத. படிச்சவங்களே கண்டுபிடிக்கல, நீயா போய் ஏன் தலைய குடுக்கற? அந்த ஆளு வேற எங்கயாவது சேர்ந்துக்குவாரு."

"பதினாலு வருஷம் ஒரே எடத்துல கெடந்தவர யாரு சேப்பாங்க? அதுவும் தப்பு பண்ணி வெளிய போனவருன்னா?"

"அப்ப உன்னக் கழுவுற ரூமுக்கு அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டும்."

எடுத்த பிடியை அவள் விடமாட்டாள் என்பது கல்யாணமான முதல் வாரமே அவருக்குத் தெரிந்துபோன விஷயம். அன்று இரண்டு தட்டையும் அவரே கழுவி வைத்தார். அது அந்த வீட்டில் அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

காலை பத்து மணிக்கு எலியக்கா வாக்குமூலத்தோடு போகவில்லை. சூப்பர்வைசரையும் பாதி டாக்டரையும் எலி அறைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். சொட்டையும் வரச் சொன்னாள். தன் ஒப்பந்தத்தைப் பற்றி அவர் காதில் ஏற்கெனவே விழுந்திருந்தது. மனிதர் சவரம்கூடச் செய்யாமல் வந்து கதவோரமாக நின்றார். சூப்பர்வைசர் செருப்பை மாற்றிக்கொள்ளும்வரை எலியக்கா பேச்சை ஆரம்பிக்கவில்லை.

குழாயைக் காட்டினாள், இளஞ்சிவப்புத் தாளைக் காட்டினாள், தன் கட்டைவிரல் தழும்பைக் காட்டினாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"தம்பி மேல தப்பு இல்ல. ஒண்ணையும் ரெண்டையும் மாத்தினது நான். எலி என்னப் பாத்துக்கிட்டு இருந்துச்சு, நான் அது முதுகக் காட்டிக்கிட்டு நிக்கற மாதிரியே வெட்டிட்டேன்."

சூப்பர்வைசர் குழாயையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நேற்றே முடிந்துபோன கோப்பை இவள் எதற்குத் திரும்பத் திறக்கிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. வாய் வார்த்தையை நம்ப முடியாது என்றார். நம்ப வேண்டாம், அந்தப் பன்னிரண்டிலும் புதிதாகத் துணுக்கு எடுங்கள், டாக்டரம்மா கையாலேயே எடுக்கட்டும், தம்பியே சோதித்துச் சொல்லட்டும் என்றாள். எதிலும் தன் கை படக்கூடாது என்றாள்.

மூன்று நாள் ஆயிற்று. பன்னிரண்டும் எலியக்காவின் தாளில் இருந்தபடியே வந்தன. அதன்படி பட்டியலைத் திருத்தி, நீச்சல் கணக்கை மறுபடி போட்டபோது, புரதம் இல்லாதவை மேடையை மறந்திருந்தன, இருப்பவை நேரே போயிருந்தன, முதல் தொகுதியைப் போலவே. பாதி டாக்டரின் ஒரு வருடம் திரும்பி வந்துவிட்டது. அவள் சந்தோஷத்தில் எலியக்காவைக் கட்டிக்கொள்ள வந்து, கோபப்பட வேண்டுமே என்று நினைவு வந்து, நடுவில் நின்றுவிட்டாள். இரண்டு வாரம் என் தூக்கம் போச்சுக்கா என்று மட்டும் சொன்னாள். மன்னிச்சிடுங்கம்மா என்றாள் எலியக்கா. அந்தச் சொல்லை அவள் அந்த அறையில் சொல்லி யாரும் கேட்டதில்லை.

சூப்பர்வைசர் இரண்டு நாள் யோசித்து முடிவு சொன்னார். கழுவும் அறை வேண்டாம். ஆனால் கோப்பில் ஒரு குறிப்பு ஏறும். இனிமேல் எலியக்கா தனியாகக் காது வெட்டக்கூடாது. பக்கத்தில் இன்னொருவர் நின்று, ஒவ்வொரு காதையும் பார்த்து, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அவளுக்கு அது கழுவும் அறையைவிடக் கசந்தது. நேற்று வந்தவர்களுக்கு வைக்கிற காவலைத் தனக்கு வைக்கிறார்களே என்று இருந்தது. வேண்டாம், கீழேயே போகிறேன் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். அவள் வெட்டிய காதுகளை இத்தனை வருடம் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை என்பதைத்தான் அவள் பெருமை பெருமை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதை நினைக்க இப்போது பயமாக இருந்தது.

"சரி சார். ஆனா எனக்குத் தலையாட்டுற ஆளா போடாதீங்க. எம்மேல கோவம் உள்ள ஆளாப் போடுங்க. தம்பியப் போடுங்க."

அடுத்த திங்கட்கிழமை காலை சொட்டு மேலே வந்தார். செருப்பை ஒழுங்காக மாற்றினார். எலியக்காவுக்கு இடப்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்துக்கொண்டார். கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. வேலை போகவில்லை என்ற நன்றிதான் முகம் முழுக்க வழிந்தது. அதைப் பார்த்ததும் எலியக்காவுக்கு எரிச்சலாக வந்தது. நாற்பது புதுக் குட்டிகளில் முதல் கூண்டைத் திறந்து, முதல் எலியைக் கம்பி மூடிமேல் விட்டு, பிடரியைப் பிடித்து, வெட்டினாள்.

"ஒண்ணு. இடது காது," என்றாள்.

"இடது காது," என்று சொட்டு எழுதினார்.

அவள் எலியைக் கீழே விடவில்லை. கையில் பிடித்தபடியே நின்றாள்.

"பாத்தீங்களா தம்பி?"

"நீங்க சொன்னா சரியாத்தான்க்கா இருக்கும்."

"அப்படியே எல்லாரும் நெனச்சதாலதான் உங்க வேலை போக இருந்துச்சு. பாருங்க."

சொட்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒரு பக்கம் பார்த்தார், மறு பக்கம் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. வெட்டு வலது காதில் இருந்தது. அவள் தெரிந்தேதான் அங்கே வெட்டியிருந்தாள்.

"அக்கா, இது வலது. நீங்க தப்பாச் சொல்றீங்க."

"இப்பத்தான் வேலைக்கு வந்திருக்கீங்க," என்றாள் எலியக்கா. "ரெண்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இன்னும் முப்பத்தொம்பது இருக்கு."